ரகசிய நீதிமன்றமும் மொத்தக் கண்காணிப்பும்: அமெரிக்காவில் சட்டம் எப்படி வளைந்தது?

நீதிமன்றமே அனுமதி கொடுத்திருக்கிறது, அப்புறம் எப்படி அது சட்டவிரோதம் ஆகும்? அமெரிக்க அரசின் கண்காணிப்புத் திட்டங்கள் செய்தியில் அடிபடும்போதெல்லாம் பலருக்கும் வரும் குழப்பம் இது. மக்களை மொத்தமாக உளவு பார்த்தார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நீதிபதிகளின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்கவில்லை என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டிலுமே உண்மை இருக்கிறது. அது எப்படி என்று விளங்க வேண்டுமானால், ஒரு நான்கு பக்க உத்தரவிலிருந்து தொடங்கலாம்.

அந்த உத்தரவில் என்ன இருந்தது?

2013 ஜூன் 5 அன்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் அதை வெளியிட்டது. கொடுத்தவர் எட்வர்ட் ஸ்னோடன், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு (என்எஸ்ஏ) ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலை பார்த்தவர். உத்தரவில் கையெழுத்திட்டிருந்தவர், ஃபிசா என்ற ரகசிய நீதிமன்றத்தின் நீதிபதி ரோஜர் வின்சன். தேதி 2013 ஏப்ரல் 25.

வெரைசான் தொலைபேசி நிறுவனத்தின் ஒரு பிரிவுக்கு அது இட்ட கட்டளை இதுதான்: அமெரிக்காவுக்கும் வெளிநாட்டுக்கும் இடையிலான அழைப்புகள், அமெரிக்காவுக்குள்ளேயே நடக்கும் அழைப்புகள், உள்ளூர் அழைப்புகள் உட்பட, எல்லாவற்றின் பதிவுகளையும் தினந்தோறும் என்எஸ்ஏவிடம் கொடுக்க வேண்டும். ஜூலை 19 வரை, சுமார் மூன்று மாதங்களுக்கு. எந்தச் சந்தேக நபரின் பெயரும் அதில் இல்லை. எந்தக் குற்றமும் குறிப்பிடப்படவில்லை. இப்படி ஓர் உத்தரவு வந்ததையே வெளியே சொல்லக் கூடாது என்ற தடையும் உள்ளே இருந்தது. பக்கத்தின் மேலே இருந்த முத்திரைப்படி, அந்தக் காகிதம் 2038 ஏப்ரல் 12 வரை ரகசியமாக இருந்திருக்க வேண்டும்.

கேட்கப்பட்டது பேச்சு அல்ல, மெட்டாடேட்டா. அதாவது யார் எண்ணிலிருந்து யார் எண்ணுக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எந்தக் கருவியிலிருந்து அழைப்பு போனது என்ற விவரங்கள். "பேச்சைக் கேட்கவில்லையே, எண்கள்தானே" என்று அரசுத் தரப்பு ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதலில் பொருளில்லை. ஓர் அரசு ஊழியர் மூன்று இரவுகள் தொடர்ந்து ஒரு நிருபரிடம் பேசுகிறார், நான்காம் நாள் காலை ஒரு வழக்கறிஞரை அழைக்கிறார் என்றால், என்ன பேசினார்கள் என்று கேட்கவே தேவையில்லை. பேச்சைப் புரிந்துகொள்ள ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும். எண்களைக் கணினி நொடியில் அடுக்கிவிடும். என்எஸ்ஏவின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014இல் பொது மேடையிலேயே, மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று சொன்னார். அமெரிக்கர்களின் தொலைபேசிப் பதிவுகளை வைத்து அப்படிச் செய்வதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனாலும் மெட்டாடேட்டாவின் வலிமை என்ன என்பதற்கு அவர் சொன்னதே போதும்.

ஃபிசா நீதிமன்றம் எதற்காக வந்தது?

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நீதித்துறையை உள்ளே கொண்டுவருவதற்காகத்தான் அந்த நீதிமன்றம் உருவானது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனையிலிருந்து குடிமக்களைக் காக்கிறது. வாரண்ட் வேண்டுமென்றால் தக்க காரணமும், எங்கே, எதை என்ற குறிப்பும் இருக்க வேண்டும் என்கிறது. உள்நாட்டுப் பாதுகாப்பு என்ற பெயரில் கண்காணித்தாலும் வாரண்ட் தேவை என்று உச்ச நீதிமன்றம் 1972இல் சொல்லிவிட்டது. வெளிநாட்டு உளவு சம்பந்தப்பட்டால் என்ன என்பது மட்டும் தீராமல் நின்றது.

அப்புறம் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு 1975, 1976இல் விசாரித்தபோது, மார்ட்டின் லூதர் கிங் உட்படப் பல தலைவர்களையும் போர் எதிர்ப்பாளர்களையும் உளவு அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தது வெளியே வந்தது. அதன் விளைவு 1978இன் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம். சுருக்கப் பெயர் ஃபிசா. அந்தச் சட்டம் உருவாக்கிய நீதிமன்றத்தின் அமைப்பு இப்படி:

1. மாவட்ட நீதிபதிகளிலிருந்து 11 பேர் (2001 வரை 7 பேர்). அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர் மட்டுமே. செனட்டின் ஒப்புதல் தேவையில்லை. பதவிக்காலம் 7 ஆண்டுகள்.
2. அரசு வழக்கறிஞர் மட்டும் வந்து மனு கொடுப்பார். எதிர்த்தரப்பு கிடையாது. கண்காணிக்கப்படுபவருக்கே தெரியக் கூடாது என்பதால் இது தவிர்க்க முடியாதது.
3. மனு நிராகரிக்கப்பட்டால் அரசு மேல்முறையீடு செய்யலாம். ஏற்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய ஆளே இல்லை.

ஒரு தனி ஆளைக் கண்காணிக்கும் வாரண்டுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். சாதாரணக் குற்ற வழக்கிலும் வாரண்ட் கேட்கும்போது சந்தேக நபரைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. "இவர் வெளிநாட்டு அரசின் கையாள் என்று நம்ப இடமிருக்கிறதா?" என்ற ஒரு கேள்விக்கு, கொடுத்த ஆவணங்களை வைத்து நீதிபதி பதில் சொல்லிவிடலாம். ஒரு சட்டப்பிரிவுக்கு என்ன பொருள், அது நாட்டிலுள்ள எல்லோரையும் தொடலாமா என்ற கேள்வி அதே அறைக்கு வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

2006இல் நடந்த திருப்பம்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அக்டோபரில், அதிபர் புஷ் என்எஸ்ஏவுக்குத் தனி அனுமதி கொடுத்தார். எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் தொலைபேசிப் பதிவுகளும் இணையப் பதிவுகளும் மொத்தமாகத் திரட்டப்பட்டன. 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வாரண்ட் இல்லாத ஒட்டுக்கேட்பை அம்பலப்படுத்தியது. அரசுக்கும் சரி, ஒத்துழைத்த நிறுவனங்களுக்கும் சரி, அதற்குப்பின் ஒரு சட்டக் குடை தேவைப்பட்டது.

கிடைத்த குடை, 2001 தாக்குதலுக்குப் பின் வந்த தேசபக்திச் சட்டத்தின் 215ஆம் பிரிவு. பயங்கரவாத விசாரணைக்குச் சம்பந்தமுள்ள வணிக ஆவணங்களை நீதிமன்ற உத்தரவின் பேரில் பெறலாம் என்பது அதன் சாரம். படிக்கும் யாருக்கும் தோன்றுவது, ஒரு விசாரணை, ஒரு கடைக்காரர், சில ரசீதுகள். அரசின் வாதம் வேறாக இருந்தது. பயங்கரவாதிகளின் அழைப்புகள் மொத்தப் பதிவுகளுக்குள் எங்கோ இருக்கின்றன. மொத்தமும் கையில் இருந்தால்தான் அவற்றைத் தேட முடியும். ஆகவே மொத்தமும் சம்பந்தமுள்ளதே. பின்னாளில் நாடாளுமன்றக் குழு முன் இதையே, வைக்கோற்போரில் ஊசி தேட முதலில் வைக்கோற்போர் வேண்டும் என்று நீதித்துறை அதிகாரி ஒருவர் விளக்கினார்.

2006 மே 24 அன்று ஃபிசா நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. அதன்பின் சுமார் 90 நாளுக்கு ஒருமுறை உத்தரவு புதுப்பிக்கப்பட்டது. 2013 வரை 14 நீதிபதிகள் 34 முறை ஒப்புதல் கொடுத்ததாக அரசே தன் விளக்க அறிக்கையில் பெருமையோடு சொன்னது. ஆனால், 215ஆம் பிரிவு இதற்கு ஏன் இடம் கொடுக்கிறது, அரசியல் சாசனப்படி இது ஏன் சரி என்று முழுமையாக எழுதிய முதல் தீர்ப்பு வந்தது 2013 ஆகஸ்ட் 29 அன்று, நீதிபதி கிளேர் ஈகனிடமிருந்து. விவகாரம் அம்பலமாகி ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து! ஏழு ஆண்டுகள் கோடிக்கணக்கானவர்களின் பதிவுகள் எடுக்கப்பட்டதற்கு, அதுவரை ரகசியமாகக்கூட ஒரு விரிவான தீர்ப்பு கிடையாது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். 34 முறை கேட்டாலும், 34 முறையும் ஒரு தரப்பு மட்டுமே பேசியது. உத்தரவு பெற்ற எந்த நிறுவனமும் அதன் சட்டத்தன்மையை எதிர்த்து வரவில்லை என்று ஈகனின் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

சாசனக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பிடித்துக்கொண்டது 1979ஆம் ஆண்டின் ஸ்மித் எதிர் மேரிலாண்ட் வழக்கை. பால்டிமோரில் ஒரு கொள்ளை. கொள்ளையன் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே தொலைபேசியில் தொல்லை கொடுத்தான். சந்தேக நபர் சுழற்றும் எண்களைக் குறிக்கும் கருவியைப் போலீஸார் தொலைபேசி நிறுவனத்தின் உதவியோடு பொருத்தினார்கள். நிறுவனத்திடம் தானே கொடுத்த எண்ணுக்கு அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஒரு ஆள், ஒரு தொலைபேசி, சில நாட்கள். அதே தர்க்கம் ஒரு தேசத்துக்கே, ஐந்தாண்டு சேமிப்போடு, நீட்டப்பட்டது.

கட்டுப்பாடுகள் இருந்தன, ஆனால் வேலை செய்தனவா?

மொத்தமாக எடுத்தாலும் இஷ்டத்துக்குத் தேட முடியாது என்று நீதிமன்றம் விதி வைத்திருந்தது. பயங்கரவாதத் தொடர்புக்கு எடுத்துச் சொல்லக்கூடிய நியாயமான சந்தேகம் உள்ள எண்ணை மட்டுமே தேடலாம். அந்த எண்ணிலிருந்து மூன்று படிகள் வரை போகலாம். மூன்று படி என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். ஒவ்வொருவரும் 100 பேரோடு பேசுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், முதல் படியில் 100 பேர், இரண்டாவதில் 10,000 பேர், மூன்றாவதில் 10 லட்சம் பேர். இது ஒரே ஒரு எண்ணிலிருந்து.

2009 ஜனவரியில் அரசு நீதிமன்றத்திடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தினமும் வந்து குவியும் பதிவுகளை என்எஸ்ஏ ஓர் எச்சரிக்கைப் பட்டியலோடு தானாகவே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் இருந்த எண்கள் 17,835. அவற்றில் நீதிமன்ற விதிப்படி சந்தேகம் பரிசீலிக்கப்பட்டவை 1,935 மட்டுமே. எல்லா எண்களும் விதிப்படிதான் இருக்கின்றன என்று நீதிமன்றத்திடம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சொல்லப்பட்டு வந்தது. சேமித்து வைத்த பதிவுகளுக்குத்தான் விதி, புதிதாக வருபவற்றுக்கு இல்லை என்று நினைத்தோம் என என்எஸ்ஏ சமாதானம் சொன்னது. அதை நம்புவது கடினம் என்று நீதிபதி ரெஜி வால்டன் எழுதினார். இந்தத் தொழில்நுட்ப அமைப்பை முழுதாகப் புரிந்த ஒரே ஒருவர்கூடத் தங்களிடம் இல்லை என்பதையும் முகமையே ஒப்புக்கொண்டது.

வால்டன் கடுமையாகத்தான் நடந்துகொண்டார். விதிகள் அடிக்கடியும் அமைப்பு ரீதியாகவும் மீறப்பட்டன என்றார். ஒவ்வொரு தேடலுக்கும் தனியாக நீதிமன்ற அனுமதி வாங்கச் சொன்னார். சில மாதங்களில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. பதிவுகளைத் திரட்டுவது ஒரு நாளும் நிற்கவில்லை. 2011 அக்டோபரில் நீதிபதி ஜான் பேட்ஸ், இன்னொரு திட்டத்தைப் பற்றிய ரகசியத் தீர்ப்பில், திட்டத்தின் வீச்சை அரசு பெரிதாகத் தவறாகச் சித்தரித்தது மூன்றாண்டுக்குள் இது மூன்றாவது முறை என்று பதிவு செய்தார். ஆண்டுக்கு 25 கோடிக்கும் மேற்பட்ட இணையத் தகவல் பரிமாற்றங்கள் எடுக்கப்பட்டதையும், அதில் உள்நாட்டு அமெரிக்கர்களின் பல்லாயிரக்கணக்கான பரிமாற்றங்கள் சிக்கியதையும் சுட்டி, ஒரு பகுதி சாசனத்துக்கு விரோதம் என்றும் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, நீதிமன்றம் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்று சொல்பவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. 1979 முதல் 2012 வரை 33,900க்கும் மேற்பட்ட மனுக்கள் ஏற்கப்பட்டு, 11 மட்டுமே நிராகரிக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் மனு முதலில் வரைவாக வரும். நீதிமன்றத்தின் சட்ட ஊழியர்கள் படித்துக் குறை சொல்வார்கள். அரசு திருத்தும் அல்லது திரும்ப எடுத்துக்கொள்ளும். 2013இல் மூன்று மாதக் கணக்கெடுப்பில், கால்பங்குக்குச் சற்றே குறைவான மனுக்கள் உள்ளடக்கத்தில் மாற்றப்பட்டன என்று வால்டன் தெரிவித்தார். வால்டனும் பேட்ஸும் மந்தமான நீதிபதிகள் அல்ல. அரசு சொன்னதை வைத்து மட்டுமே தெரிந்துகொள்ளும் நிலையில் அவர்கள் இருந்தார்கள். 2009 மீறலும்கூட அரசு தானாக வந்து சொன்ன பிறகுதான் வால்டனுக்குத் தெரிந்தது.

குடிமகன் ஏன் வழக்குப் போட முடியவில்லை?

உன்னைக் கண்காணித்தார்கள் என்று நிரூபித்தால்தான் வழக்குப் போடலாம். கண்காணிப்பு ரகசியம் என்பதால் நிரூபிக்க முடியாது. 2013 பிப்ரவரியில் ஆம்னஸ்டி அமைப்பும் வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இந்தக் காரணத்துக்காகவே தள்ளியது. அடுத்த மாதம் செனட்டர் ரான் வைடன், லட்சக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்எஸ்ஏ ஏதாவது தரவு திரட்டுகிறதா என்று நேரடியாகக் கேட்டபோது, தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் "இல்லை, தெரிந்தே செய்யவில்லை" என்று பதில் சொன்னார். அந்தப் பதில் பொய் என்பது வைடனுக்குத் தெரியும். ரகசியக் காப்பு விதிகளால் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

ஸ்னோடன் ஆவணங்கள் வந்த பிறகுதான் கதவு திறந்தது. நீதிபதி ரிச்சர்ட் லியோன் 2013 டிசம்பரில் திட்டம் சாசனத்துக்கு விரோதமாகவே தெரிகிறது என்றார். அதே மாதம் நியூயார்க்கில் இன்னொரு நீதிபதி செல்லும் என்றார். 2015 மே 7 அன்று இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 215ஆம் பிரிவு இதற்கு இடமே கொடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. இரண்டு தரப்பும் வாதாடிய திறந்த நீதிமன்றத்தில் அரசின் பொருள்கோள் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

பலன் என்ன என்ற கேள்வியும் உண்டு. அரசுக்குள்ளேயே இயங்கும் அந்தரங்க உரிமை மேற்பார்வைக் குழு 2014 ஜனவரியில் ரகசியக் கோப்புகளையும் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தது. அமெரிக்காவுக்கு அச்சுறுத்தலான எந்த ஒரு பயங்கரவாத விசாரணையிலும் இந்தத் திட்டம் முடிவை மாற்றவில்லை என்றது. முன்பின் தெரியாத ஓர் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லக்கூடியது ஒரே வழக்கு: சோமாலியாவின் அல் ஷபாப் அமைப்புக்கு 8,500 டாலர் அளவில் அனுப்பிய சான் டியாகோ டாக்ஸி ஓட்டுநர். அந்த வழக்கில் தண்டனை நிலைத்தது. ஆனால் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பதிவுகளைத் திரட்டிய விதம் சட்டத்தை மீறியது என்றே சொன்னது.

இன்று எங்கே நிற்கிறது?

2015 ஜூனில் வந்த புதிய சட்டம் மொத்தத் திரட்டலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் திட்டம் நின்றது. 215ஆம் பிரிவே 2020 மார்ச்சில் காலாவதியானது. நிலைத்து நிற்பது 2008இல் ஃபிசா சட்டத்தில் சேர்க்கப்பட்ட 702ஆம் பிரிவு. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள, அமெரிக்கர் அல்லாத யாரையும் தனி வாரண்ட் இல்லாமல் குறிவைக்க அது இடம் கொடுக்கிறது. இங்கே பேச்சும் மின்னஞ்சலுமே எடுக்கப்படும். நீதிமன்றம் ஆண்டுக்கு ஒருமுறை நடைமுறை விதிகளை மட்டும் பார்த்து ஒப்புதல் தரும். எந்த ஆள் என்று பார்ப்பதில்லை. 2023இல் இப்படிக் குறிவைக்கப்பட்டவர்கள் 2,68,590.

இதில் இரண்டு தரப்பினருக்குப் பாதிப்பு இருக்கிறது.

1. அமெரிக்கர்கள். குறிவைக்கப்பட்ட வெளிநாட்டவரோடு பேசும் அமெரிக்கரின் பேச்சும் கிடங்கில் சேர்கிறது. எஃப்பிஐ பிறகு அந்த அமெரிக்கரின் பெயரைப் போட்டே தேடலாம். 2021இல் இத்தகைய தேடல்கள் 34 லட்சம் வரை இருந்ததாக அரசே கணக்குக் கொடுத்தது. இதற்கு வாரண்ட் கட்டாயமாக்கும் திருத்தம் 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 212-212 என்று சமநிலையில் தோற்றது. 702 மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான நியூயார்க் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, இத்தகைய தேடலுக்கு வாரண்ட் தேவைதான் என்றது.

2. நாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து அமெரிக்க நிறுவனத்தின் மின்னஞ்சலைப் பயன்படுத்துபவருக்கு நான்காவது திருத்தத்தின் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. 2013இல் வெளியான என்எஸ்ஏ வரைபடம் ஒன்றின்படி, அந்த மார்ச் மாதத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து திரட்டிய இணையத் தரவுத் துணுக்குகள் 630 கோடி. ஐரோப்பிய நீதிமன்றம் இதே கண்காணிப்பைக் காரணம் காட்டி 2015இலும் 2020இலும் அமெரிக்காவுடனான தரவுப் பரிமாற்ற ஒப்பந்தங்களைச் செல்லாததாக்கியது. அதற்குப் பிறகே 2022இல் ஐரோப்பியர்கள் முறையிட அமெரிக்கா ஒரு வழி அமைத்தது. நம் நாடுகளின் சார்பில் அப்படி யாரும் பேரம் பேசியதாகத் தெரியவில்லை.

எதிர்வாதம் செய்ய ஆள்

2015 சட்டம் கொண்டுவந்த நல்ல மாற்றம், நீதிமன்றத்துக்கு உதவ வெளி வழக்கறிஞர்களின் பட்டியல். முக்கியமான புதிய சட்டக் கேள்வி வந்தால் அவர்களை அழைக்கலாம். அழைப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் நீதிபதியின் விருப்பம். தனிநபர் வாரண்டுகளில் அவர்கள் வருவது அபூர்வம். அங்கேயும் நிலைமை மோசம்தான்: டிரம்ப் பிரசாரக் குழுவின் முன்னாள் ஆலோசகர் கார்ட்டர் பேஜ் மீதான நான்கு மனுக்களில் 17 பெரிய பிழைகளும் விடுபடல்களும் இருந்ததாக நீதித்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். கவனமாகச் செய்திருக்க வேண்டிய வழக்கிலேயே இந்த நிலை என்றால், செய்தியில் வராதவர்களின் மனுக்கள் எப்படி இருந்திருக்கும்? அடுத்த ஆண்டு அவர் 29 மனுக்களை எடுத்துப் பார்த்தார். நான்குக்கு ஆதாரக் கோப்பையே காட்ட முடியவில்லை. மற்ற 25இலும் பிழைகளோ ஆதாரமில்லாத கூற்றுகளோ இருந்தன.

ஒரு விசாரணையின் விவரம் ரகசியமாக இருக்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. யாரைக் கண்காணிக்கிறோம் என்று அறிவித்துவிட்டு யாரும் கண்காணிக்க முடியாது. சட்டத்துக்கு என்ன பொருள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது மட்டும் ரகசியமாக இருக்கவே கூடாது. 215ஆம் பிரிவின் உரை அச்சில், எல்லோர் கையிலும் இருந்தது. அதற்கு நடைமுறையில் இருந்த பொருளோ அந்த அறைக்குள் மட்டும் இருந்தது. தேசபக்திச் சட்டத்தை வரைந்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் சென்சென்பிரென்னரே, இப்படி ஒரு பொருளை நாங்கள் நினைக்கவே இல்லை என்று சொன்னார்.

முக்கியமான தீர்ப்புகளை ரகசிய நீக்கம் செய்யப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது 2015 சட்டம். பரிசீலிப்பது அரசே. பழைய தீர்ப்புகளைப் பார்க்கப் பொதுமக்களுக்குச் சாசன உரிமை உண்டா என்று கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் விசாரிக்கவே மறுத்துவிட்டது. ஒன்பது நீதிபதிகளில் எதிர்ப்பைப் பதிவு செய்தவர்கள் இருவர்: ஒருவர் நீல் கோர்சச், இன்னொருவர் சோனியா சோட்டோமேயர்.